எண்ணுவோர் இலக்கணம்: மலைப்படிப் படலம்

இப்படலம் என்னுதலிற்றோ எனின், கர்நாடகத்து மேல்கோட்டை யோகநரசிம்மர் மலைக்குப் படியேறுவோரை எண் பற்றிய கொள்கையால் வகுத்துரைத்தல் நுதலிற்று. அவர் மூவகையர்.

1. முடிவிலியார்: மலை தீர்ந்தாலும் எண் தீராது, எண்கள் அனைத்தும் ஒரே தொகுதியாக ஏற்கெனவே இருக்கின்றன என்பார். ஆசாரியர் கணிதர் கேன்ட்டர். முடிவிலியிலும் சிறிது பெரிது உண்டென்று 1874இல் காட்டியவர்.

2. முடிவுளார்: எண்கள் ஒவ்வொன்றும் முடிவுள்ளதே, ஏற வழியிருந்தால் போதும், ஏறியே காட்ட வேண்டியதில்லை என்பார். நிறுவல்களைச் சோதிக்கும்போது கணிதர் ஹில்பர்ட் இவ்வணி.

3. கடும்முடிவுளார்: மனிதர் எண்ணி முடிக்கக்கூடியதே எண், மற்றது வெறும் பெயர் என்பார். தலைவர் ரஷ்யக் கணிதரான யெசெனின்-வோல்பின். இரண்டின் அடுக்குகளை வரிசையாகச் சொல்லி, "இது உண்டா?" என்று தர்க்கவியலார் ஹார்வி ஃப்ரீட்மன் இவரைக் கேட்டாராம். இரண்டுக்கு உடனே "உண்டு". நான்குக்குச் சற்றுப் பொறுத்து. எட்டுக்கு இன்னும் பொறுத்து. நூறாம் அடுக்குக்கான பதிலைக் கேட்க ஃப்ரீட்மனுக்கு ஆயுள் போதாது.

தடை: ஒரு படி ஏறியவர் அடுத்ததும் ஏறுவார் என்றால் எல்லை ஏது? எல்லை உண்டென்றால் அது எந்தப் படி? இப்படி மடக்கிய தத்துவர் மைக்கேல் டம்மெட், கடும்முடிவுளார் கொள்கை தன்னைத்தானே கவிழ்க்கும் என்று 1975இல் தீர்ப்பளித்தார்.

விடை: குஜராத்தின் பாலன்பூரில் பிறந்த தர்க்கவியலார் ரோஹித் பரிக் 1971இலேயே வழி காட்டியிருந்தார். சுழியம் கைக்கெட்டும், கைக்கெட்டியதோடு ஒன்று கூட்டினாலும் எட்டும், குறிப்பிட்ட ஒரு ராட்சத எண் மட்டும் எட்டாது என்று விதித்தார். முரண்தான். ஆனால் அம்முரணைக் காட்டும் நிறுவல் எவராலும் எழுதி முடிக்க முடியாத நீளம்.

எடுத்துக்காட்டு: பக்கத்துச் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை நிறுத்திய சாமுண்டராயரின் குரு நேமிசந்திரர். அவர் சார்ந்த சமண மரபு எண்களை எண்ணத்தக்கன, எண்ணற்கரியன, அனந்தம் என்று பிரித்து 21 உட்பிரிவும் தந்தது. முதல் வகையின் எல்லைக்கு லட்சம் யோசனை (பழைய தூர அளவு) அகலக் குழிகளில் கடுகு நிரப்பிக் கணக்குச் சொன்னது. எல்லை துல்லியம், கடுகை எண்ணத்தான் ஆளில்லை.

துணிபு: எல்லையை இம்மலைப் படிகளுக்குள் வைத்தால், படிக்கொரு வரி எழுதி மாலைக்குள் முரணைக் காட்டிவிடலாம், கடும்முடிவுளார் தோற்பார். கடுகுக்குழித் தொலைவில் வைத்தால் பிழைப்பார். அங்கே அவரை வீழ்த்தும் நிறுவலை எழுதாமலே "இருக்கிறது" என்பவர் இரண்டாம் வகையார். எதிர்க்கட்சிக்காரர் சாட்சி செல்லாது.

புறனடை: பிரசாதப் புளியோதரையை நினைத்துப் படியே எண்ணாமல் ஏறுவோர் இவ்விலக்கணத்துக்குப் புறம்பாவர். பெரும்பான்மை இவரே.