பச்சை வண்டிக்குக் கம்பளி

பஃபலோ பக்கம்,
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலையைச் சுற்றப் போகிறேன் என்று பதினாலு கிலோமீட்டருக்கும் வீம்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போனில் கேட்டீர்களே, "நிலமும் இல்ல, நெல்லும் இல்ல, உனக்கு எதுக்குடா மாப்பிள்ளை டிராக்டர்?" என்று. "பனியை உழுது என்ன விதைக்கப் போறானாம்?" என்று அத்தை பின்னாலிருந்து சிரித்ததும் காதில் விழுந்தது. போனில் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் எழுத்தில் தருகிறேன், தண்டராம்பட்டு ரோட்டு டீக்கடையில் நாலு பேருக்குப் படித்தும் காட்டலாம்.

முதலில், இது உங்கள் மாஸி டிராக்டர் மாதிரி வண்டி இல்லை. புல் வெட்டவென்று செய்த தோட்ட டிராக்டர். நின்றால் என் இடுப்புக்கு வரும். ஜான் டீர் 318, 1983லிருந்து 1992 வரை வந்த மாடல். பெட்ரோல் இன்ஜின், இரண்டு சிலிண்டர், 18 குதிரைத் திறன். உங்களுடையதில் பாதிதான். பச்சை வண்டி என்றதும் நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மாஸி கட்சிக்காரர் வீட்டில் பிறந்து பச்சை வாங்கியதற்கு மன்னிக்கவும், விலை படிந்தது.

எதற்கு என்றால், எங்கள் ஊருக்கு மேற்கே ஈரீ ஏரி இருக்கிறது. சாத்தனூர் அணையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், இது கரை தெரியாத ஏரி. குளிர்காற்று அந்தத் தண்ணீரின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கொட்டுகிறது. ஏரி உறைந்துவிட்டால் கொட்டுவது அடங்கும், அதுவரை தினம் ஒரு திருவிழா. சராசரி வருஷத்துக்கு ஏழெட்டு அடி பனி. 2022 நவம்பரில் பக்கத்து ஊரான ஆர்ச்சர்டு பார்க்கில் நாலைந்து நாளில் ஆறரை அடிக்கு மேல் விழுந்தது. அங்கே நடக்கவேண்டிய பெரிய கால்பந்து ஆட்டத்தையே தூக்கிக்கொண்டு போய் டெட்ராய்ட்டில் நடத்தினார்கள்.

என் வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை கார் வரும் பாதை இருபது மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். முழங்கால் அளவு விழுந்தால், புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்றே வைத்தாலும் மூன்றரை டன் வரும். மகா தீபத்துக்கு 3500 கிலோ நெய் என்று பேப்பரில் போட்டிருந்தார்களே, அதே எடை. அதை 2668 அடி மலை மேல் ஏற்ற ஊர் திரளும். இங்கே நான் ஒருத்தன், ஒரு மண்வெட்டி. அதனால்தான் டிராக்டர்.

இப்போது ஏற்பாடுகளைச் சொல்கிறேன். சேடை ஓட்டும்போது நீங்கள் கேஜ்வீல் மாட்டுவீர்கள் அல்லவா, இங்கே பின் டயர் இரண்டுக்கும் இரும்புச் சங்கிலி. சங்கிலியைத் தரையில் விரித்து, வண்டியை அதன் மேல் ஏற்றி, முனைகளை இழுத்துக் கொக்கி போட வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொங்குகிற கண்ணி ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டை அடித்துத் தெருவையே எழுப்பும்.

பின் டயரில் தண்ணீர் அடைத்துக் கனம் ஏற்றும் வித்தை உங்களிடம் கற்றதுதான். ஆனால் இங்கே வெறும் தண்ணீர் அடைத்தால் டிசம்பரில் டயருக்குள் ஐஸ்பாறை உருளும். அதனால் கால்சியம் குளோரைடு கரைத்து அடைப்பார்கள். அது லேசில் உறையாது, கசிந்தால் மட்டும் ரிம்மைத் தின்றுவிடும். இன்னொன்று பீட் சாறு. அத்தை பொரியல் செய்கிற சிவப்புக் கிழங்கு இல்லை, சர்க்கரை எடுக்கிற வெள்ளைக் கிழங்கு. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சாறு மைனஸ் முப்பதிலும் உறையாது, இரும்பையும் அரிக்காது. என் டயரில் இருப்பது அதுதான்.

ஆயில் சமாச்சாரம் சுருக்கம். கோடையில் ஊற்றும் 30ஆம் நம்பர் ஆயில் இந்தக் குளிரில் மார்கழி விடியலில் நம் வீட்டு நெய் மாதிரி கட்டிப்போகும். அதை வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றியாயிற்று. பாட்டரி பாடுதான் பெரும்பாடு. மைனஸ் பதினெட்டு டிகிரியில் அதன் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், இன்ஜினுக்கோ அப்போதுதான் சுற்ற இரட்டிப்பு பலம் வேண்டும். ஆகவே ராத்திரி முழுக்கச் சிறு சார்ஜர் ஒன்று மாட்டியே இருக்கும். "எனக்கு ஒரு ஹீட்டர் கேட்டேன், அதுக்கு மட்டும் ராத்திரி கரண்டா?" என்கிறாள் என் மனைவி.

இன்ஜின் மேல் தகரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எலிக் குடும்பம். காற்றில் குளிரும் இன்ஜின் ஆயிற்றே, சிலிண்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளில் பஞ்சு, காய்ந்த புல், என் பையனின் ஒற்றைக் காலுறை எல்லாம் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் வெளியே உறைபனியாக இருந்தாலும் உள்ளே இன்ஜின் வெந்துபோகும். பிள்ளையார் வாகனம் என் வாகனத்தில் வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, இதுவும் பனிக்கான ஏற்பாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுவாரம் அவர் வண்டிச் சக்கரத்தடியிலும் ஒரு பழம்.

முன்னால் மாட்டுவது பனி வீசி. திருகு மாதிரி சுற்றும் தகடு பனியை நடுவுக்கு இழுக்கும், புகைபோக்கி மாதிரி ஒரு வாய் அதைப் பக்கத்தில் வீசும். ஈரப்பனி அந்த வாயில் ஒட்டி அடைக்காமலிருக்க உள்ளே எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். சமையலறையில் ஒரு டப்பா காணவில்லை என்று விசாரணை நடக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் ரோட்டவேட்டரில் இருப்பது போலவே இதிலும் ஷியர் போல்ட் உண்டு. பனிக்கடியில் கல்லோ, பிளாஸ்டிக் பையோடு உறைந்துபோன செய்தித்தாளோ சிக்கினால் அந்த மெத்துப் போல்ட் ஒடிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். "அடிக்கடி ஒடியுதுன்னா கெட்டி போல்ட்டா போடுடா" என்பீர்கள். வேண்டாம் மாமா. போல்ட் தப்பித்தால் கியர் போய்விடும். ஒரு டப்பா நிறைய வாங்கி சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன்.

இத்தனையும் செய்து பாதையைப் பளிங்காக்கி உள்ளே வந்து காபியைக் கையில் எடுத்தால், ரோட்டில் பெரிய பனி வண்டி வரும். ரோட்டுப் பனியையெல்லாம் வழித்து நம் வாசல் முகப்பில் வரப்பு கட்டிவிட்டுப் போகும். பெரும்பாலான பனி ஊர்களில் இதே கதைதான். அது சும்மா பனியும் இல்லை, உப்பும் சேறும் கலந்து இறுகின கட்டி. என் வீட்டு உழவு உண்மையில் அங்கேதான் நடக்கிறது.

புது வண்டி வாங்கக்கூடாதா என்கிறார்கள் ஆபீசில். கடையில் இன்று மலிவாகக் கிடைக்கும் புல்வெட்டிகளின் கியர் பெட்டி புல்லுக்கு மட்டும்தான் தாங்கும். இது அப்படியில்லை, கனத்த சட்டம், ஸ்பானரால் கழற்ற முடிகிற போல்ட்டுகள், உங்கள் கொட்டகையில் நான் கற்ற பாடம் அப்படியே பலிக்கிற வண்டி.

ஒரே குறை, முன் ஆக்சிலின் நடு புஷ் தேய்ந்து ஆடுகிறது. இங்கே லேத்து வைத்திருப்பவரிடம் கேட்டால் அவர் சொன்ன மணிக்கூலிக்கு இன்னொரு பழைய வண்டியே வரும். அளவு வரைந்த தாள் இதோடு இருக்கிறது. செங்கம் ரோட்டு லேத்தில் கன்மெட்டலில் இரண்டு கடைந்து, தீபத்துக்கு வந்து திரும்பும் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்புங்கள். மரச்சுத்தியால் தட்டி இறக்கும்படி டைட்டாக இருக்கட்டும். கிரீஸ் போக ஒரு துளை மறக்க வேண்டாம். அவன் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துக் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போன தடவை பேரிங்கெல்லாம் ஆவக்காய் வாசனை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை