வெட்டுவோர் பெயரியல்: ஒரு தொடக்க ஆராய்ச்சி

தமிழின் வளத்தைப் பாராட்டுவோர், பூவின் ஏழு பருவங்களுக்கும் ஏழு பெயர் உண்டென்று அரும்பு முதல் செம்மல் வரை விரல்விட்டு எண்ணிக் காட்டுவது வழக்கம். அடுத்தவர் எழுதியதையும் பேசியதையும் வெட்டுகிறவருக்கு எத்தனை பெயர், அவற்றுள் ஒன்றிலாவது வெட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பணியை அவர்கள் பிறருக்கு விட்டுவிட்டார்கள். பத்திரிகை அலுவலகத்தில் கட்டுரையைப் பாதியாக்குபவர் ஆசிரியர். படம் நீள்கிறது என்று கதாநாயகனின் தங்கையைக் கதையிலிருந்தே அப்புறப்படுத்துபவர் படத்தொகுப்பாளர். நூலில் மூன்று அத்தியாயங்களைக் களைபவர் பதிப்பாசிரியர். கற்பிப்பதும் தொகுப்பதும் பதிப்பதும் பெயரில் இருக்கின்றன, வெட்டுவதைத்தான் காணவில்லை. இதைத் தற்செயல் என்று தள்ள இயலாது. வெட்டுப்படும் பொருளுக்கு எவ்வளவு வாய் உண்டோ, அவ்வளவுக்கு வெட்டுபவரின் பெயர் மென்மையாகும் என்பதே இதன் விதி என்பது இக்கட்டுரையின் துணிபு.

வாயில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம். மரத்தை வெட்டுபவர் மரம்வெட்டி. துணியும் மறுத்துப் பேசாது. ஆகவே தையற்கடை மேசைக்குப் பின்னால் கத்தரியோடு நிற்பவர் கட்டிங் மாஸ்டர் என்றே அழைக்கப்படுகிறார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சட்டையிலிருந்து சற்று மேலேறித் தலைக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. முடிக்கு வாயில்லை என்றாலும் அது முளைத்திருக்கும் தலைக்கு உண்டு. எதிரில் கண்ணாடி வேறு. எனவே கத்தரி அதுவே ஆனாலும் தொழிலின் பெயர் முடிதிருத்தம். திருத்தம் என்றதும் முன்பிருந்தது பிழை என்றாகிறது. பிழையோடு வந்தவர் என்ன குறை சொல்ல முடியும்? வாய் மிகுந்த இடமாகிய மக்களவைக்குப் போனால் சொல் நீளவும் செய்கிறது. வெட்டு 3 எழுத்து. ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ 15 எழுத்து. நீக்கும் அதிகாரத்தை அவைத்தலைவருக்குத் தருவது விதி 380. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இட்டு, யார் ஆணைப்படி நீங்கியது என்று அடிக்குறிப்பும் போடச் சொல்வது விதி 381. கட்டிங் மாஸ்டர் கழித்த துணித்துண்டுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

திரைப்படமோ இவ்விதிக்கு ஆண்டு குறித்த சான்று. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1920இல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் குழுக்கள் அமைந்தபோது படம் ஊமை. ஊமையிடம் என்ன தயக்கம்? சென்சார் என்ற சொல் குழுவின் பெயரிலேயே கூச்சமின்றி நின்றது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படத்துக்கு வாய் திறந்தது. 1983இல் மத்தியத் தணிக்கை வாரியம், சான்றிதழ் வழங்கும் வாரியம் எனப் பெயர் மாறிற்று. தணிக்கை வாரியம் தன் பெயரிலேயே கத்தரி வைத்த அரிய நிகழ்ச்சி அது. வாய் வந்து 52 ஆண்டு கழித்தா பெயர் மாறும் என்று கேட்பவர் அரசாங்கக் கோப்பின் நடைவேகம் அறியாதவர். மக்கள் விடாமல் வழங்கும் ‘தணிக்கை’யும் நேர்ப்பெயர் அன்று. உருதுவழி வந்த அச்சொல்லின் அரபு மூலத்துக்குக் கிளை கழித்துச் சீராக்குதல் என்று பொருள்; தமிழில் அது கணக்கேட்டின் பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. முத்தக்காட்சியும் கூட்டுறவுச் சங்க வரவுசெலவும் ஒரே சொல்லின்கீழ் பரிசோதிக்கப்படுவதால், காட்சியைப் பறிகொடுத்தவர் கணக்கு நேரானதாக எண்ணி ஆறுதல் கொள்ள வேண்டியிருக்கிறது.

மறுப்புகள் மூன்று எழக்கூடும். ‘சென்சாரில் கத்தரி போட்டுவிட்டார்கள்’ என்று வெளிப்படையாகத்தானே பேசுகிறோம் என்பது முதலாவது. அப்படிப் பேசுவது வெட்டுப்பட்டவர். இங்கே ஆராய்வது வெட்டியவரின் அகராதி. இரண்டாவது, இலக்கணிகள் எழுப்புவது: நன்னூலார் தகுதி வழக்கில் இடக்கரடக்கல் என்று அடக்குதலைப் பெயரிலேயே வைத்தாரே? வைத்தார், ஆனால் இடக்கரடக்கலில் சொல்பவர் தம் சொல்லைத் தாமே அடக்குகிறார். தன்மேல் தானே வழக்குத் தொடுப்பார் இல்லாததால் அங்கே மென்மை தேவைப்படவில்லை. மூன்றாவது சற்று வலுவானது: நோயாளிக்கு வாய் உண்டு, இருந்தும் அறுவை சிகிச்சை நிபுணர் என்று பெயர்ப்பலகை தொங்குகிறதே? அவர் சம்மதக் கையெழுத்து வாங்கி, மயக்கமருந்தும் கொடுக்கச் செய்து, வாய் அடங்கியபின் அல்லவா கத்தியை எடுக்கிறார். விதி தப்பவில்லை.

வெட்டுவோர் வேண்டாமென்று கழித்த சொற்கள் எங்கே போயின என்பதும் ஆராயத்தக்கது. எவரும் வெட்ட முன்வராத பேச்சாளரை அறுவை என்கிறோம், பிளேடு என்கிறோம். முரண்போலத் தோன்றினாலும் இதுவும் விதிக்குள்தான் அடங்குகிறது: அங்கே அறுபடுபவர் அவையோர், மேடை முடியும்வரை அவர்களுக்கு வாயில்லை, அறுப்பவர் பெயர் வெட்டவெளிச்சமாகிறது. இதிலிருந்து நடைமுறைப் பயன் ஒன்றும் கிடைக்கிறது. ஒருவர் நம் எழுத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் செம்மைப்படுத்தித் தருகிறேன் என்றால் மனம் நோக வேண்டியதில்லை; நமக்கு இன்னும் வாய் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வெட்டிவிட்டேன் என்று அவர் நேராகச் சொல்லும் நாளில்தான் நாம் கவலைப்பட வேண்டும்.