குடும்பம் காத்த ஓட்டு

1979-இல் அமெரிக்காவில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். கிறிஸ்தவக் குடும்பத்தைக் காப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், குடும்பம் உடையட்டும் என்று யாரும் இயக்கம் நடத்துவதில்லை.

மறு வருடமே ஜனாதிபதித் தேர்தல். ஒரு பக்கம் ஜிம்மி கார்ட்டர்: ஞாயிறு பள்ளி ஆசிரியர், 1946-இல் கைப்பிடித்த ரோஸலினோடு குடித்தனம் நடத்துபவர். மறுபக்கம் ரொனால்ட் ரீகன்: ஹாலிவுட் நடிகர், விவாகரத்தாகி மறுமணம் செய்தவர். போதாக்குறைக்கு, கலிஃபோர்னியா ஆளுநராக 1969-இல், யார்மீதும் குற்றம் நிரூபிக்காமலே மணமுறிவு பெறலாம் என்ற சட்டத்தில் கையெழுத்தும் போட்டவர். குடும்பக் காவலர்கள் ஜெபித்து, யோசித்து, ரீகன் பக்கம் நின்றார்கள்.

கார்ட்டர் செய்த பிழைதான் என்ன? கருக்கலைப்பு தனக்கு உடன்பாடில்லை என்றார்; ஆனால் அதை அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மதிப்பேன் என்றும் சொன்னார். சம்பந்திச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் பேசும் மாப்பிள்ளைக்கு யார் காபி கொடுப்பார்கள்?

இத்தனைக்கும் சுவிசேஷங்களில் இயேசு விவாகரத்தைப் பற்றிக் கறாராகவே பேசியிருக்கிறார். கருக்கலைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விவாகரத்தானவர்கள் சபையிலும் இருக்கிறார்கள், காணிக்கையும் போடுகிறார்கள். அவர்கள் விஷயத்தில் சகிப்புத்தன்மை தானாகவே வந்துவிடுகிறது.

ரீகன் 44 மாநிலங்களில் வென்றார். கார்ட்டர் சொந்த ஊரான பிளெயின்ஸுக்குத் திரும்பி, முதிய வயதுவரை ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் தம்பதியோடு படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நிற்கும். 1980-இல் யாருக்கு ஓட்டு என்று கேட்டு நிறுத்தியிருந்தால் அது பாதியாகியிருக்கும்.