‘அது வேற’: வரிச்சிக்குடி வீட்டுச் சட்டம் குறித்து ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

ஆங்கிலேயரின் ஹவுஸ் ரூல்ஸும் போர்த்துக்கீசியரின் ரெக்ராஸ் டா காஸாவும் பெரும்பாலும் விடுதிச் சுவரில் எழுதி மாட்டப்படுபவை. வந்து தங்குகிறவரைக் கட்டுப்படுத்துபவை. காரைக்கால் பகுதியிலுள்ள வரிச்சிக்குடியின் வீட்டுச் சட்டமோ எழுதப்படாதது. விருந்தாளி நீங்கலாக அனைவரையும் கட்டுப்படுத்துவது.

2. வரலாறு

தெற்கே நாகப்பட்டினம் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரருக்குப் போயிற்று. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர். நடுவே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். 1819இல் பிரெஞ்சு இந்தியாவுக்கு அவர்களுடைய சிவில் சட்டம் வந்தது. வேண்டியவர்கள் தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து அதற்குள் வரலாம் என்று 1881இல் ஆணை பிறந்தது. வீட்டுச் சட்டத்தைத் துறக்க எந்த ஆணையிலும் வழியில்லை. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. இத்தனைக்குப் பிறகும் விளக்கு வைத்தபின் உப்பு, ஊசி, தயிர் கடன் கொடுப்பதில்லை.

3. முக்கியப் பிரிவுகள்

அ) நிலைப்படியில் உட்காரக்கூடாது, அதன் மேல் நின்று கொடுக்கல் வாங்கலும் கூடாது.

ஆ) புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்கக்கூடாது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் ‘தூரமா?’ எனலாம். நோக்கம் ஒன்றே, குற்றம் மட்டும் இல்லை.

இ) இராத்திரியில் நகம் வெட்டக்கூடாது. கரண்டு வந்து காரணம் போய்விட்டது, விதி போகவில்லை.

ஈ) தாயத்தில் எதிரியின் ஒரு காயையாவது வெட்டாதவர் காய் உள்ளே ஏறாது. பக்கத்து வீட்டில் ஏறும். ஆகவே இரு வீட்டுப் பிள்ளைகள் கூடினால் முதலில் வழக்கு, பிறகுதான் ஆட்டம்.

‘ஏன்?’ என்ற வினாவுக்கு எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான விடை ஒன்றுண்டு: “நம்ம வீட்டுல அப்படித்தான்.”

4. விதிவிலக்கு

சட்டத்தை இயற்றுவதும் தீர்ப்புச் சொல்வதும் அப்பாயி. அதே அப்பாயி நிலைப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவதும் உண்டு. சுட்டிக்காட்டினால், “நான் உக்காந்தா அது வேற.” இந்த விலக்கு முதலில் அவருக்கும், அடுத்து மகள் வயிற்றுப் பேரனுக்கும், தலைதீபாவளி முடியும்வரை மாப்பிள்ளைக்கும் உரியது. மருமகளுக்கு இல்லை.

5. முடிவு

காரணம் சொல்லாத சட்டம் எப்படி இத்தனை காலம் நின்றது? எழுதி மாட்டியிருந்தால் அப்பாயியும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். ‘அது வேற’ என்பதற்கு இடமிராது. சட்டத்தைக் கவிழ்க்கக் காரணமும் துணிவும் உள்ளவர் மருமகள் ஒருவரே. ஆனால் பொறுத்திருந்தால் அப்பாயிப் பதவி அவருக்கே வரும். பிறகு எதற்குக் கவிழ்ப்பார்?