கயாவுக்கு டிக்கெட் போட்ட பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, லீவு போட்டுட்டு புத்தகயாவுக்கு டூர் போறியாமே? ஒரகடம் கம்பெனியில உன் லைன்ல பக்கத்துல நின்னு நட்டு முடுக்கறானே கயாக்காரப் பையன், அவன் அங்கேருந்து இங்க வரான், நீ இங்கேருந்து அங்க போற. ரயில்வேக்கு நல்ல வரும்படி.

புத்தரைப் பாக்க அம்மாந்தூரம் எதுக்குடா? பைக்கை முறுக்கினா காஞ்சிபுரம். ஏழாம் நூத்தாண்டுல சீனாவுலேருந்து வந்த யுவான் சுவாங், நூறு விகாரம், பத்தாயிரம் பிக்குன்னு எழுதி வச்சிட்டுப் போனாரு. அவருக்குக் கம்பெனி பஸ்கூட இல்ல. விகாரமெல்லாம் போயிடுச்சு, புத்தர் போகல. ஏகாம்பரநாதர் கோயில் வெளி மதில் கல்லுல தேடு, கருக்கினில் அமர்ந்தாள் கோயில்ல பாரு. காமாட்சியம்மன் கோயில்ல இருந்த பெரிய புத்தர் மட்டும் எழும்பூர் மியூசியத்துக்கு டிரான்ஸ்பர் வாங்கிட்டாரு.

சிவன் கோயில் மதில்ல புத்தரான்னு முழிக்காத. அந்தக் காலத்துல ரெண்டு கூட்டமும் ஒரே ஊர்லதான் இருந்துச்சு. மகேந்திரவர்மப் பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்'னு ஒரு நாடகம் எழுதினான். காஞ்சித் தெருவுல போதையில வர்ற காபாலிகன், அதான் சிவனைக் கும்பிடற சாமியார், பிச்சையெடுக்கிற கபாலத்தைத் தொலைச்சிட்டு, நீதான் திருடினேன்னு புத்த பிக்குவைப் புடிச்சுக்கிறான். கடைசில பாத்தா, நாய் கவ்விக்கினு போயிருக்கு. சிவனுக்குக் குகைக்கோயில் குடைஞ்ச ராஜாவே ரெண்டு பேரையும் சேத்து வாரியிருக்கான். இன்னைக்கு உன் வாட்ஸப் குரூப்புல இப்படி ஒண்ணு எழுதிப் போட்டுப் பாரேன், ராத்திரிக்குள்ள தூக்கிடுவானுங்க.

கைலாசநாதர் கோயிலையும் பாத்துடு. பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டினது, ஆயிரத்து முந்நூறு வருசமாச்சு. கருவறையைச் சுத்தி ஒரு இடுக்கு வழி. தவழ்ந்து நுழைஞ்சு வெளிய வந்தா மறுபிறவி இல்லையாம். கேன்டீன் தொப்பையோட போற, பாத்து. பாதியில மாட்டினா இந்தப் பிறவியே அங்கதான்.

அதுவும் தூரம்னா, தினம் பஸ் திரும்பற ஸ்ரீபெரும்புதூர்தான்டா ராமானுஜர் 1017-ல பொறந்த ஊரு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு என்னைக்காவது உள்ள போயிருக்கியா? ஒரகடத்துக்குப் பக்கத்துல, வடக்குப்பட்டுல, 2022-ல தொல்லியல்காரங்க தோண்டினா கற்காலத்துக் கருவி கெடைக்குது. அப்பவே இங்க டூல் ரூம் ஓடியிருக்கு, பஞ்ச் கார்டுதான் கெடைக்கல.

டூரை நான் தடுக்கல, காசு உன்னுது. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை விடிகாலையில கிளம்பி முதல்ல காஞ்சிபுரம் போ. நைட் ஷிப்ட் தூக்கம் தூங்கிட்டு உச்சி வெயில்ல போய் நிக்காத. மத்தியானம் நடை சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. உனக்காக ஏகாம்பரநாதர் ஓவர்டைம் பாக்க மாட்டாரு.