போர்ஷன் அப்பா

ஸ்கூல் வேன் வர ஐந்து நிமிடம் இருந்தால் போதும், போர்ஷன் அப்பா விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்.

"உங்க பிளே ஸ்கூல்ல எதுவரைக்கும் போயிருக்கு சார்?"

"மணல்ல விளையாடறாங்க சார்."

"அது சரி, போர்ஷன்?"

"நேத்து பட்டாணி உரிச்சாங்களாம்."

துக்கம் கேட்க வந்தவர் மாதிரி முகம் மாறும். "எங்களுக்கு கேப்பிடல் லெட்டர்ஸ் ஜூலையிலயே முடிஞ்சிடுச்சு. ஸ்மால் எஃப்தான் கொஞ்சம் படுத்துது." எழுதுவது மூன்றரை வயதுப் பையன், தூக்கம் கெடுவது இவருக்கு.

அதோடு விடமாட்டார். போனை எடுப்பார். ஊரிலுள்ள பிளே ஸ்கூல் நோட்டெல்லாம் அதில் போட்டோவாக இருக்கும். "இவங்க அம்பது வரைக்கும். இவங்க நூறு. இதைப் பாருங்க, நூறுலேர்ந்து தலைகீழா எழுத வைக்கிறாங்க!" என்பார் பரவசமாக. அந்த நேரம் அவர் பையன் என் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, கேட்டவளைக் கடித்தும் வைத்திருப்பான். "ஷேரிங்லாம் தானா வந்துடும் சார். ஃபோனிக்ஸ் அப்படி வராது."

எல்கேஜி இன்டர்வியூவுக்கு வீட்டில் தினமும் ஒத்திகை. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறதே என்றேன். "அதெல்லாம் சரி சார், நாங்க மூணு பேரும் ப்ரிப்பேர் பண்ணிட்டோமே" என்றார்.

ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் மூணாவதுலதான் சார் ஏபிசிடியே பார்த்தேன். காலேஜ்ல நாலு வருஷம் வாயே திறக்கல." அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இப்போது வருகிறது. இவர் பேச்சைக் கேட்டு நாலு அப்பாக்கள் போய்க் கேட்டதில், எங்கள் பிளே ஸ்கூலில் மணலை அள்ளிவிட்டு டைல்ஸ் ஒட்டி டெஸ்க் போட்டுவிட்டார்கள். பட்டாணி போய் நாலுகோடு நோட்டு வந்துவிட்டது. மூன்று வயதில் மணிக்கட்டின் 8 எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கைக்குப் பிசையவும் அள்ளவும் உரிக்கவும்தான் வேலை வேண்டும். சண்டை போட்டுச் சமாதானம் ஆகவும் பக்கத்தில் நாலு பிள்ளைகள் வேண்டும். எழுத்து எங்கேயும் ஓடிப்போகாது.

நாலு அப்பாக்கள் கேட்டுப் போன மணல், எட்டுப் பேர் கேட்டால் திரும்பி வரும். திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்க்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் வாருங்கள்.