நார்தாம்ப்டன் வெயிலும் நம்மூரு கத்திரியும்

பேராண்டி,

ஒங்கம்மா போன்ல நீ அனுப்புன போட்டோவப் பாத்தேன். பார்க்குல புல்லு மேல சட்டையக் கழட்டிப் போட்டுட்டு மல்லாக்கப் படுத்துகினு கீறே. ‘தாத்தா, நார்தாம்ப்டன்ல 27 டிகிரி, செம வெயிலு’ன்னு அடியில ஒரு வரி. சந்தோஷம்ப்பா. 27 டிகிரிய நாங்களும் பாத்துக்கிறோம். கத்திரி மாசத்துல, கோழி கூவுற நேரத்துல, வேலூரு கொஞ்சம் எரக்கப்பட்டா வந்து தலையக் காட்டிட்டுப் போவும்.

எனக்கு வெயிலப் பத்திக் கவலை இல்ல. ஒன் படிப்பப் பத்தித்தான் கவலை. தோல் படிப்புன்னு அம்மாந்தூரம் போனவன் நீ. ஆம்பூரு தோல் ஷாப்புல டீ வாங்கியாற பையனக் கேளு, சொல்லுவான்: பதம் போட்ட தோல நேரா வெயில்ல போடக்கூடாது. நெழல்ல, நல்லாக் காத்து வர்ற எடத்துல தொங்கவுட்டு ஆறவெக்கணும். வெயில்ல போட்டா அட்டையா வெறைச்சுக்கும். பச்சத் தோலுன்னா இன்னும் மோசம். உரிச்ச கையோட உப்பு போட்டு வெக்கலன்னா இந்தச் சூட்டுல முடி கழண்டு, நாறி, சரக்கு வீணாப்பூடும். இத்தெல்லாம் லட்ச லட்சமாக் கட்டிப் படிக்கப் போயிட்டு, சொந்தத் தோல வெயில்ல காயப்போட்டுகினு கீறியே, ஒங்க வாத்தியாரு பாத்தா இன்னா மார்க்கு போடுவாரு?

சரி, கணக்குக்கு வருவோம். ஒந் தங்கச்சிய உக்காரவெச்சு எல்லாத்தையும் தேடிப் பாக்கச் சொன்னேன். ஒங்கூர்ல ஜில்லாவுக்குத் தக்க 25 டிகிரியோ 28 டிகிரியோ, மூணு நாள் தொடர்ந்து அடிச்சா ‘வெப்ப அலை’ன்னு தண்டோரா போடுவாங்களாம். நம்மூர்ல வானிலைக்காரன் லேசுல வாயத் தொறக்க மாட்டான். 40ஐயும் தாண்டணும், வழக்கமா அடிக்கிறதுக்கு மேல நாலரை டிகிரி ஏறியும் இருக்கணும். வேலூருக்கு மே மாசத்துல வழக்கமே 39, 40. அப்போ 43 அடிச்சாலும் அது அலை இல்ல, சும்மா வெயிலு! எங்களுக்கு அலைன்னு ஒண்ணு வரணும்னா நாங்க எவ்ளோ பாடுபடணும் பாரு.

இன்னொரு கூத்து. அந்த 43 கூட நெழல்ல எடுத்த கணக்குடா. வெள்ளை அடிச்ச மரப்பொட்டி, சுத்திலும் சன்னமான காத்து வழி, தரையிலேர்ந்து நாலடி ஒசரம், அதுக்குள்ள கீது தெர்மாமீட்டரு. லாரியிலேர்ந்து உப்புத்தோலு எறக்குறவன் தலை மேல அடிக்கிறத எவனும் எழுதி வெக்கிறதில்ல. நம்ம பேப்பர்காரனுக்கு டிகிரியே வேற. 100 பாரன்ஹீட் தாண்டிட்டா ‘வெயில் சதமடித்தது’ன்னு போட்டுடுவான். சதமடிச்ச ஆட்டக்காரன் எப்பனா அவுட்டாவான். வேலூரு ஆவாது.

வெயிலுக்கு நேரம் பாத்துக் கணக்கு எழுதுறதும் உங்க பக்கத்து ஆளுங்க வேலைதான். ஒரு கண்ணாடி உருண்டை, அதுக்குப் பின்னால ஒரு அட்டை. வெயிலு உருண்டை வழியா எறங்கி அட்டையில சுட்டுக் கோடு இழுக்கும். சாயங்காலம் சுட்ட கோட்ட அளந்து, இன்னிக்கு இத்தினி மணி வெயிலுன்னு எழுதுவாங்க. கேம்ப்பெல்லுன்னு ஒருத்தரு 1853ல பண்ணாரு, ஸ்டோக்ஸுன்னு இன்னொருத்தரு 1879ல திருத்துனாரு. லண்டன் வட்டாரத்துக்கு வருஷத்துல சுமாரா 1,600 மணி தேறுதாம். மெட்ராசுக்கு 2,500க்கு மேல. அரிதா வர்றவனத்தான் ஆரத்தி எடுத்து அளப்பாங்க. எங்கூர்ல வெயிலு எத்தினி மணின்னு எவன் கேக்கிறான்? நெழலு எங்க கீதுன்னுதான் கேக்கிறோம். காலையில பத்து மணிக்கு ஆம்பூரு பஸ் ஸ்டாப்புல வந்து பாரு. கரண்டு கம்பத்து நெழல்ல அஞ்சு பேரு ஒருத்தர் பின்னால ஒருத்தரா நிப்பாங்க. நெழலு நகர நகர, வரிசையும் பேசாம நகரும்.

ஜூன்ல ஒங்களுக்குப் பதினாறே முக்கால் மணி நேரம் பகலுன்னு பீத்திக்கிறே. டிசம்பர் வரட்டும், எட்டு மணி நேரம் கூடத் தேறாது. அப்ப போட்டோ அனுப்பு. இங்க ஜூன்ல பதிமூணு, டிசம்பர்ல பதினொண்ணரை, அவ்ளோதான் ஏத்த எறக்கம். வருஷம் முழுக்கக் கூட்டிப் பாத்தா பகலு எல்லா ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சூரியனுக்கு ஓரவஞ்சனை கெடையாது. அவன் சாஞ்சு பாக்கிறானா, உச்சந்தலையில நிக்கிறானா, நடுவுல மேகம் பூந்துக்குதா, அதுலதான் வித்தியாசம். அதுவும் பத்தாதுன்னு பெங்களூரு கீது பாரு, நம்ம வேலூருக்கு நேர் மேக்கால, அதே ரேகை, அதே சூரியன். தொள்ளாயிரம் மீட்டரு ஒசரத்துல ஏறி உக்காந்துகினு ஸ்வெட்டரு போட்டுக்கிறான். மெட்ராஸ்காரனுக்கு மத்தியானத்துல கடக்காத்து வரும். நமக்கு வந்து வாச்சது பாறை மலைங்க. பகலெல்லாம் காஞ்சிட்டு, ராத்திரி அந்தச் சூட்டத் திருப்பி வுடும்.

அதுக்காக ஒங்கூரு வெள்ளக்காரங்களக் கிண்டல் பண்ணாத. 2022 ஜூலை 19 அன்னிக்கி லிங்கன்ஷயர்ல 40.3 அடிச்சுது. மொத நாளு லூட்டன் விமான நிலையத்து ஓடுபாதையே இளகிப்பூடுச்சு. அந்தக் கோடையில 65 வயசுக்கு மேல உள்ளவங்க 2,800 பேரு அதிகமாச் செத்தாங்கன்னு கவர்மெண்டே சொல்லுது. எங்களுக்கு 40 வந்தா கூழுக்கு இன்னும் ரெண்டு வெங்காயம். அவங்களுக்கு வந்தா சாவு. ஏன்? வூடு. குளிரு உள்ள வராம, சூடு வெளிய போவாம கட்டுன வூடு, ஃபேன் இல்லாத மச்சு.

அந்த மாதிரி வூட்டத்தான் ஒங்கப்பன் இங்க கட்டி வெச்சிக்கிறான்! நாட்டு ஓட்டு வூட்ட இடிச்சுட்டு, தளம் போட்டு, மேக்கால கண்ணாடி வெச்சு, எலிவேஷனாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஹாலுக்குள்ள வந்தா நான் புழுங்கல் நெல்லு. ‘ஃபாரின் மாடல்பா’ங்கிறான். ஃபாரின்லேர்ந்து கரண்டு பில்லும் கட்டுவாங்களாடான்னேன், பதிலே இல்ல.

ஒரு வயித்தெரிச்சலும் கீது. ஒங்க சர்க்காரு கருப்புத் தோலுக்காரங்கள வருஷம் பூரா வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்க யோசிக்கச் சொல்லுதாமே. நல்லது, முழுங்கு. இங்க ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுங்க விடியக்காத்தால கம்பெனி பஸ் ஏறுதுங்க. நாளெல்லாம் ட்யூப் லைட்டு அடியில அப்பர் தைச்சுட்டு, பொழுது சாஞ்சப்பறம் எறங்குதுங்க. இத்தினி வெயிலு கொட்டுற ஊர்ல முதுகெலும்பு வலின்னு போனா, டாக்டரு எழுதுறதும் அதே மாத்திரைதான். அந்தப் பொண்ணு தைச்ச ஷூதான் ஒங்கூரு பார்க்குல வெயிலு காயுது.

கடைசியா ஒண்ணு. கூட படிக்கிற வெள்ளக்காரப் புள்ள ‘ஒங்கூரு எப்படி’ன்னு கேட்டா, டிகிரி சொல்லாத. ‘பெங்களூரு ரேகை’ன்னு மட்டும் சொல்லு, பொய்யில்ல. மார்கழியில கூட்டியா. ஏலகிரி காட்டலாம், பிரியாணி போடலாம், இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா தொட்டுக்கலாம். சொன்னாக் கேக்காம ஏப்ரல்லயே வந்து நிப்பேன்னான்னா, 24ஆம் தேதி வாக்குல பன்னெண்டேகாலுக்கு மொட்டை மாடிக்கு ஏத்து. நேரா நிக்கச் சொல்லி, ‘ஒன் நெழலு எங்கடா’ன்னு கேளு. தேடுவான், கெடைக்காது, சூரியன் சரியா தலைக்கு மேல நிப்பான். ரெண்டாவது தபா தேடுறதுக்குள்ள செருப்பு தரையில ஒட்டிக்கும். ஃப்ளைட்டு டிக்கெட்ட மாத்துற செலவு அவனுது, நம்முளுது இல்லன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோ.